தண்ணீரும் நம் வீட்டுப் பெண்களும்



உடல் இளைக்க வேண்டுமா, தண்ணீர் குடியுங்கள் என்னும் அறிவுரை இப்போதெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் காதில் விழுகிறது. காலையில் எழுந்ததும் ஒரு செம்பு வெந்நீர். அதில் தேனும் எலுமிச்சைச் சாறும். பிறகு மணிக்கொரு குவளை. மூன்று மாதத்தில் பத்துக் கிலோ இறங்கிவிடும் என்று ஒருவர் சொல்ல, கேட்ட நால்வர் மறுநாளே தொடங்கி, நான்காம் நாள் விட்டுவிடுகிறார்கள். நான் கம்பம் பள்ளத்தாக்கில் பெண் பிள்ளைகளுக்கு மதரஸாவில் ஓதிக்கொடுப்பவள். கல்லூரியில் படித்தது வரலாறு, மருத்துவம் அன்று. எனினும் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தாய்மார்கள், "உஸ்தாபி, தண்ணி குடிச்சா உடம்பு எளைக்குமாமே, மெய்தானா?" என்று அடிக்கடி கேட்பதால், இதைப் பற்றித் தேடிப் படிக்க நேர்ந்தது. படித்ததையும் கண்டதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் எடையைப் பேசி முடித்துவிடுவோம். கொழுப்பைக் கரைக்கும் ஆற்றல் தண்ணீருக்கு இல்லை. வெந்நீருக்கும் இல்லை. அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் உடலின் சக்திச் செலவு சிறிது நேரத்திற்கு 30 சதவீதம் உயர்கிறது என்று 2003ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பின்னர் அதையே செய்து பார்த்த வேறு சிலருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. குளிர்ந்த நீர் குடித்தால் அதைச் சூடேற்ற உடல் செலவழிக்குமே என்பார்கள். செலவழிக்கும்தான். 5 பாகைக் குளிர்ச்சியில் இருக்கும் அரை லிட்டர் நீரை உடலின் வெப்பத்திற்குக் கொண்டுவர 16 கலோரி போதும். ஓர் உளுந்து வடையில் அதைப்போல் பல மடங்கு இருக்கிறது.

ஆயினும் தண்ணீரால் எடை குறைய வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில், 55 வயதைக் கடந்தவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அனைவரும் உணவைக் குறைத்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் மட்டும் ஒவ்வொரு வேளை உணவுக்கும் முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். 12 வார முடிவில், தண்ணீர் குடித்தவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. 2015இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 84 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில் இந்த வேறுபாடு 1.3 கிலோ. காரணம் எளிது. வயிற்றில் ஓரிடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்வதால் சோறு கொஞ்சம் குறைகிறது. வயிற்றை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று சிறு வயதிலேயே ஓதியவர்கள் நாம். நமக்கு இது புதுச் செய்தி அன்று. ஆனால் அந்த மூன்று பங்கையும் பிரியாணிக்கே கொடுத்துவிட்டு, அதன் மேல் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டால் எந்த ஆய்வும் நமக்கு உதவாது.

எடைக்குத் தண்ணீர் செய்யும் பெரிய உதவி வேறொன்று. இனிப்புப் பானம் இருந்த இடத்தில் தண்ணீர் வந்து அமர்வதுதான் அது. நம் பள்ளத்தாக்கில் தேநீர்க் கடைகள் விடியற்காலை இருட்டிலேயே திறந்துவிடுகின்றன. வீட்டிலும் விருந்தாளி வந்தால் ஒரு டீ, அவர் புறப்படும்போது ஒரு டீ. ஒரு குவளைக்கு 2 தேக்கரண்டிச் சீனி என்றால் 10 கிராம். அது 40 கலோரி. நாளைக்கு 5 டீ குடிப்பவர், பாலைக் கணக்கில் சேர்க்காமலே, 200 கலோரியைச் சீனியாக மட்டும் விழுங்குகிறார். கடையில் விற்கும் கறுப்பு நிறக் குளிர்பானம் கால் லிட்டரில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. அன்றாடம் அந்த 200 கலோரியைத் தவிர்த்தால், ஏட்டுக் கணக்கில் ஆண்டுக்கு 9 கிலோ குறைய வேண்டும். உடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதால் நடைமுறையில் அவ்வளவு குறையாது. பாதி குறைந்தாலும் நல்லதுதானே! மூன்று டீயை நிறுத்தி அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கும் சகோதரி, தேனையும் எலுமிச்சையையும் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது எடை அன்று.

எங்கள் மதரஸாவுக்குப் பிள்ளைகள் மாலையில் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்துவிடுவார்கள். பைக்கட்டின் ஓரத்தில் தண்ணீர்ப் புட்டி இருக்கும். 13 வயதுச் சிறுமி ஒருத்தி, நன்றாக ஓதக்கூடியவள். அவளுடைய புட்டி மாத்திரம் எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருக்கும். வீட்டுக்குப் போனதும் அதை முற்றத்து முருங்கைக்கு ஊற்றிவிடுவாளாம். மாதத்தில் இரண்டு முறையாவது அடிவயிற்று வலி என்று சுருண்டு படுத்துவிடுவாள். ஒருநாள் காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்துகொள்ள, மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். சிறுநீர்த் தாரையில் தொற்று. அது மேலேறிச் சிறுநீரகம் வரை போயிருக்கிறது என்றார் மருத்துவர். "தண்ணீர் குடிப்பதே இல்லையா இந்தப் பிள்ளை?" என்றும் கேட்டிருக்கிறார்.

குடிப்பதில்லை. காலை 8 மணிக்கு வீட்டை விட்டால், மஃரிபுக்குப் பிறகு வீடு திரும்பும் வரை ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. அவள் படித்த பள்ளிக்கூடத்தின் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்பது முதற் காரணம். எங்கள் மதரஸாவில் அப்போது இருந்த ஒரே கழிப்பறை, ஆண்கள் ஒளுச் செய்யும் ஹவுளுக்குப் பக்கத்தில் இருந்தது இரண்டாம் காரணம். மூன்றாவது காரணத்தை அவளுடைய தாயாரிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

அந்தத் தாயார் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர். மகளுக்குத் தண்ணீர் கொடுத்தனுப்பக் கூடாதா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "குடுத்துத்தாங்க விடுறேன் உஸ்தாபி. ஆனா நாந்தான் சொல்லிவச்சேன், வெளிய போனா தண்ணியக் கொறச்சுக் குடி, பொம்பளப் பிள்ளைக்கு அதான் நல்லதுன்னு. மலையில எங்களுக்கு ஒதுங்க எடமா இருக்கு? காலையில சீப்புல ஏறினா பொழுது சாயத்தான் எறங்குறோம். எங்கம்மா எனக்குச் சொன்னதத்தான் நானும் சொன்னேன்."

மூன்று தலைமுறையாக வந்த பாடம் இது. இதைக் கேட்ட பின் அந்தத் தாயாரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் கோபிக்க மாட்டீர்கள்.

நம் பகுதியைக் காணாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மலை சுவர்போல் நிற்கிறது. மலைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். ஏலக்காய் விளையும் மண். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதை அறிந்திருப்பீர்கள். அந்தக் காய் பறிக்கும் கைகளில் மிகப் பல நம் பக்கத்துப் பெண்களின் கைகள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று அடிவாரத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் புறப்படும். பத்துப் பேர் உட்காரக்கூடிய வண்டியில் அதற்கு மேலும் ஏறிக்கொண்டு, கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் மலையேறுகிறார்கள். மாலையில் அதே வழியில் இறக்கம். போகவும் வரவும் ஆகும் நேரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. தோட்டத்தில் ஏலச்செடிகளுக்கு நடுவே ஆண் கங்காணியும் இருப்பார், பாம்பும் இருக்கும், அட்டையும் இருக்கும். ஆகவே அவர்கள் கண்ட எளிய வழி, குடிக்காமல் இருந்துவிடுவது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் 8ஆம் பிரிவு, தோட்ட முதலாளி நல்ல குடிநீர் தர வேண்டும் என்கிறது. அடுத்த 9ஆம் பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே கழிப்பிடம் வேண்டும் என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த அந்தச் சட்ட வல்லுநர் எவரோ, பெண் மக்களைப் பெற்றவராக இருக்க வேண்டும்! ஆனால் அச்சட்டம் 5 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் 15 பேருக்குக் குறையாத ஆட்களும் உள்ள தோட்டங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. சிறு தோட்டங்கள் அதில் அகப்படவில்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டம் அவற்றுள் அடங்கிவிட்டது. பெயர் எதுவாயினும், மலைமேல் நான்கு தகரத்தை நட்டு ஒரு மறைப்புக் கட்டுவது ஒன்றும் பெருஞ்செலவு அன்று.

தண்ணீர் குடிக்காவிட்டால் உள்ளே என்ன நிகழ்கிறது? நம் இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் கழிவோடு வெளியே அனுப்பி, எஞ்சியதை எல்லாம் இரத்தத்திற்கே திருப்பித் தருகின்றன. நாம் குடிப்பது குறைந்தால் வெளியே அனுப்பும் அளவை அவை அரை லிட்டர் வரைகூடச் சுருக்கிக்கொள்ளும். கழிவு குறையாது; அதைக் கரைக்கும் நீர்தான் குறைகிறது. பாகு காய்ச்சும்போது நீர் சுண்டினால் ஓரங்களில் சீனி பூத்துக் கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். சிறுநீரில் உள்ள கால்சியமும் ஆக்சலேட்டும் அதுபோலவே படிகமாகிக் கல்லாகின்றன. இத்தாலியில் முதன்முறை கல் வந்த 199 பேரை 5 ஆண்டுகள் கவனித்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். நாளைக்கு 2 லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 100க்கு 12 பேருக்கே மறுபடி கல் வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 100க்கு 27 பேருக்கு வந்தது. இத்தனை மலிவான மருந்து வேறு எது?

நம் ஊரில் கல் என்றதும் வாழைத்தண்டுச் சாறு என்பார்கள். சின்னமனூர்ப் பக்கம் வாழைக்கா பஞ்சம்? தாராளமாகக் குடிக்கட்டும், தண்டில் பெரும்பகுதி தண்ணீர்தான். கல்லுக்குக் காரணம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் என்று சொல்லி, குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்தாம் கல்லுக்கு வழி திறந்துவிடுகிறார்கள்.

பெண்களுக்குக் கல்லைவிட முந்தி வருவது தொற்று. பெண்ணின் சிறுநீர்த் தாரை 4 சென்டிமீட்டர் நீளந்தான். கிருமி ஏறிப்போக அது மிகக் குறுகிய பாதை. அடிக்கடி கழியும் நீரே அந்தப் பாதையைக் கழுவிவிடுகிறது. குடிக்காமலும், வந்ததை அடக்கியும் இருந்தால் கிருமிக்குத் தங்க இடமும் பெருக நேரமும் கிடைத்துவிடுகின்றன. மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இதையெல்லாம் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மார்க்கத்தைக் கற்றுக்கொள்வதற்கு நாணத்தைத் தடையாக்கிக்கொள்ளாதவர்கள் என்று அன்ஸாரிப் பெண்கள் புகழப்பட்டார்கள். சுத்தத்தின் பாடத்தை மதரஸாவில் முதல் பாடமாக வைத்திருக்கும் நாம், சிறுநீரைப் பற்றிப் பேசக் கூசுவது வேடிக்கைதான்.

தமிழ்நாட்டிலேயே இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் வெயிலில் உழைக்கும் பெண்களைக் கண்டு 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெப்பமும், வேலையிடத்தில் கழிப்பறை இல்லாமையும் சேர்ந்து பெண்களின் சிறுநீர்க் கோளாறுகளுக்கு வழிவகுப்பதை அது எடுத்துக்காட்டியது. பின்னர் அவர்களே 2017 முதல் 2020 வரை உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, 100க்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. உப்பளத்தில் நிழல் இல்லை, மலையில் நிழல் இருக்கிறது. ஆனால் நீரை அடக்கும் பழக்கம் இரண்டிடத்துப் பெண்களுக்கும் பொது.

வரலாறு படித்தவள் என்பதால் எனக்கு இதில் ஒரு வேதனை கூடுதலாக உண்டு. நம் பள்ளத்தாக்கு தண்ணீருக்காக மலையைக் குடைந்த பள்ளத்தாக்கு. 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும் பஞ்சத்தில் மக்கள் மடிந்த பிறகு, மேற்கே பாய்ந்து கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பினார்கள். பொறியாளர் பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் 1887இல் தொடங்கிய பணி 1895இல் முடிந்தது. காட்டாற்று வெள்ளமும் காய்ச்சலும் எத்தனையோ தொழிலாளர்களைக் கொண்டுபோயின. அந்த நீர்தான் இன்று 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைவிக்கிறது. லோயர் கேம்பில் அந்த மனிதருக்கு 2013இல் மணிமண்டபம் கட்டினோம். பொங்கல்தோறும் நம் ஊர்களில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த நீரை இந்தப் பக்கம் கொண்டுவரப் பத்தாண்டுக்குள் முடிந்தது. புட்டியில் இருக்கும் நீரை நம் பெண் பிள்ளையின் தொண்டைக்குள் இறக்க முடியவில்லை!

அரசாங்கமும் இதை உணர்ந்திருக்கிறது. கேரளப் பள்ளிகளில் 2019ஆம் ஆண்டில், தண்ணீர் குடிப்பதற்கென்றே ஒரு மணி அடிக்கும் வழக்கம் வந்தது. தமிழ்நாட்டில் 2025 ஜூன் இறுதியில் பள்ளிக்கல்வித் துறை அதனைக் கொண்டுவந்தது. காலை 11 மணி, பகல் 1 மணி, பிற்பகல் 3 மணி என்று மூன்று முறை மணி அடிக்கும். பிள்ளைகள் தத்தம் புட்டியைத் திறந்து குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் மணி அடித்துக் குடித்த நீர் ஒன்றரை மணி நேரத்தில் வெளியேறக் கேட்குமே; அதற்கு ஒரு மணி வேண்டாமா? தண்ணீர் வராத கழிப்பறையை வைத்துக்கொண்டு தண்ணீர் மணியை மட்டும் அடித்தால், பையன்கள் குடிப்பார்கள், பிள்ளைகள் குடிப்பதுபோல் பாவனை செய்வார்கள். பெற்றோர் கூட்டத்திற்குப் போகும் சகோதரிகள் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், ஒரு நடை போய்ப் பெண்கள் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளி இருக்கிறதா, குழாயில் நீர் வருகிறதா என்ற மூன்று கேள்விகள் போதும்.

எங்கள் மதரஸாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று நிர்வாகத்தாரிடம் சொன்னபோது, "ரெண்டு மணி நேரம்தானேம்மா ஓதுறாங்க, வீட்டுல போயிக்கிறட்டும்" என்று பதில் வந்தது. அதே ஆண்டில் தரைக்குப் புதிதாகப் பளிங்குக்கல் பதித்தார்கள். பின்னர் மஹல்லாப் பெண்களே தங்களுக்குள் திரட்டினார்கள். ஒருவர் கோழி விற்ற பணத்தைக் கொடுத்தார். ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் கேட்டு வாங்கினார். பின்பக்கத்தில் இரண்டு அறைகள் எழும்பின. உள்தாழ்ப்பாள், விளக்கு, மூடியிட்ட குப்பைத்தொட்டி. நிர்வாகத்தார் மோட்டார் இணைப்புக் கொடுத்து உதவியதையும் மறைக்கக் கூடாது. அதன் பிறகே நான் பிள்ளைகளிடம் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லத் துணிந்தேன். அஸர் தொழுகை முடிந்து பாடத்தின் நடுவே எல்லாரும் புட்டியைத் திறப்பார்கள். உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, மூன்று மூச்சில் குடிப்பார்கள். நானும் அவர்களோடு குடிப்பேன். ஆறு மாதமாக அந்தச் சிறுமிக்கு வயிற்று வலி வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எவ்வளவு குடிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். நாளைக்கு 8 குவளை, அதாவது 2 லிட்டர் என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல். வெயில் காலத்தில் கூடுதலாக வேண்டும். இந்த 8 என்னும் எண்ணைக் கல்லில் பொறித்த எழுத்தாகக் கொள்ள வேண்டாம். அமெரிக்க உணவு வாரியம் 1945இல் நாளைக்கு இரண்டரை லிட்டர் என்று சொன்னபோது, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்று சேர்த்துத்தான் சொன்னது. பின்வந்தோர் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 8 குவளைக்கு அறிவியல் சான்று உண்டா என்று 2002இல் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவப் பேராசிரியர் ஹைன்ஸ் வால்டின், எல்லாருக்கும் பொருந்தும் சான்று கிடைக்கவில்லை என்றே எழுதினார். மோர், கஞ்சி, ரசம், வெள்ளரிக்காய், தர்ப்பூசணி எல்லாமே கணக்கில் சேரும். சீனி குறைந்த டீயும்கூடச் சேரும். காலையில் நீராகாரம் குடித்து, பகலில் கம்மங்கூழ் குடித்து வாழ்ந்த என் நன்னி குவளையை எண்ணியதே இல்லை.

எண்ணுவதைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. கழியும் நீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அடர்ந்த மஞ்சளாக, தேன் நிறத்தில் இருந்தால் குறைவு. காலையில் எழுந்ததும் கழிவது எப்போதுமே சற்று அடர்ந்திருக்கும். அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சத்து மாத்திரை சாப்பிடுவோருக்கும் நிறம் மாறும். முதியவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடுகிறது; உடல் வறண்டாலும் நா கேட்காது. அத்தாவுக்கும் அம்மாவுக்கும் "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றே சொல்வார்கள். கேட்காமல் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிடுங்கள்.

அதேவேளை, அளவு மீறுவதும் ஆபத்து. 2002இல் பாஸ்டன் நகரத்து நெடுந்தூர ஓட்டத்தில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 100க்கு 13 பேருக்கு இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்திருந்தது. ஓடும்போது மிகுதியாகக் குடித்து எடை கூடியவர்களுக்கே அது பெரிதும் நேர்ந்தது. எடை குறையும் என்று நம்பி ஒரே மூச்சில் மூன்று லிட்டர் குடிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இதய பலவீனம் உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான் சட்டம்; இந்தக் கட்டுரை அன்று.

நோன்பைப் பற்றிச் சிலர் கடிதத்தில் கேட்டிருந்தார்கள். நம் பகுதியில் நோன்பின் நேரம் எந்தப் பருவத்திலும் ஏறக்குறைய 13 முதல் 14 மணி நேரம். ஆரோக்கியமானவர்களால் இதைத் தாங்க முடியும். மிச்சமிருக்கும் இரவில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் சிக்கல். இஃப்தாரில் ஒரு மூச்சில் இரண்டு குவளை ரோஸ்மில்க், பிறகு வடை, சமோசா, அதன் மேல் டீ. தராவீஹ் முடிந்து மறுபடி டீ. ஸஹரில் அவசரமாக ஒரு செம்புத் தண்ணீர். அது பெரும்பாலும் ஃபஜ்ருக்குள் வெளியேறிவிடும். ரமலானில் எடை கூடுகிறது என்று வியப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். பேரீச்சம்பழத்தோடு தண்ணீர், பின்பு நோன்புக் கஞ்சி, மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே ஒரு குவளை, தராவீஹின் இடையே சிறிது சிறிதாக, படுக்கப் போகுமுன் ஒன்று, ஸஹரில் இரண்டு என்று பகிர்ந்துகொண்டால் 8 குவளை தானாக நிரம்பிவிடும். முன்பு கல் வந்தவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை வேண்டாம் என்று சொல்வது தக்வா ஆகாது. நோன்புக் காலத்தில் தொழப் போகும் பெண்களுக்கு நம் பள்ளிகளில் ஒளுவுக்கும் கழிப்பிடத்திற்கும் இடம் இருக்கிறதா என்பதையும் மஹல்லாக்களில் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லாத இடங்களில், தராவீஹுக்கு வரும் பெண்கள் இஃப்தாரிலேயே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

மகளுக்குக் காய்ச்சல் வந்த பிறகு அந்தத் தாயாரிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. மகளின் புட்டி காலியாக வருகிறதா என்று இப்போது அவரே பார்க்கிறார். தமக்கும் ஒரு லிட்டர்ப் புட்டி வாங்கியிருக்கிறார். மலை இறங்கி வரும் மாலைகளில் சில சமயம் மதரஸா வாசலில் அவரைக் காண்பேன். புட்டியில் முக்கால்வாசி இருக்கும். "நாலு பேரு சேந்து கேட்டிருக்கோங்க உஸ்தாபி, ஒரு மறப்புக் கட்டித் தரச் சொல்லி. அடுத்த காயெடுப்புக்குள்ள பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து மிச்சத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.